நோஞ்சான் குஞ்சு தேறுமா?

வணக்கம் அக்கா,

ராமமூர்த்தி நகரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடத்தில் கோழி வளர்க்கிறோம். முட்டைக்கோழி நாலு ஏற்கெனவே உண்டு. போன மாதம் கிரிராஜா குஞ்சு ஆறு வாங்கினேன். அதே வாரம் தர்மபுரியில் அம்மா வீட்டில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்றையும் கொண்டுவந்து அவற்றோடு விட்டேன். இப்போது ஐந்து வாரம். கிரிராஜா எல்லாம் மளமளவென்று வளர்ந்துவிட்டன, இது பாதிகூட இல்லை. தீனி வைத்தால் மற்றவை தள்ளிவிடுகின்றன. இரண்டு நாளாகச் சாயங்காலம் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கிறது. பெரிய கோழிகளின் தீவனத்தைத்தான் குஞ்சுகளுக்கும் போடுகிறேன். “நோஞ்சான், தேறாது, விட்டுடு” என்கிறார் அம்மா. மகன் அதைக் கையை விட்டு இறக்குவதே இல்லை. தனியாகப் பிரித்து வளர்க்கட்டுமா?

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

குஞ்சு சின்னதாக இருப்பது வேறு, மூலையில் நிற்பது வேறு. முதலாவதுக்குக் கவலை வேண்டாம். இரண்டாவதை இன்றைக்கே கவனியுங்கள்.

கிரிராஜா உங்கள் பெங்களூரிலேயே உருவான இனம். புறக்கடையில் மேய்ந்தே நல்ல எடை வர வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. அதன் பக்கத்தில் எந்த நாட்டுக்குஞ்சை நிறுத்தினாலும் நோஞ்சானாகத்தான் தெரியும். உங்கள் குஞ்சின் தாய் சிறுவிடையா பெருவிடையா என்று அம்மாவிடம் கேளுங்கள். சிறுவிடை என்றால் முழுசாக வளர்ந்தாலும் ஒன்றரை கிலோ பக்கம்தான் வரும். ஆகவே அந்த ஆறோடு ஒப்பிடாதீர்கள், நேற்றைய அதனோடேயே ஒப்பிடுங்கள். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, தினமும் காலையில் தீனிக்கு முன்னால் எடை பார்த்து எழுதுங்கள். கொஞ்சமாவது ஏறிக்கொண்டே போனால் அது வளர்கிறது. இரண்டு மூன்று நாள் ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், இரவில் அடைந்த பிறகு கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் பகலெல்லாம் அதற்குச் சாப்பாடே கிடைக்கவில்லை.

இறக்கை தொங்குவதற்கு வருகிறேன். மூன்றிலிருந்து ஆறு வார வயதில் இப்படி நிற்கும் குஞ்சுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இரத்தக்கழிச்சல், குடலைத் தாக்கும் ஒரு கிருமி நோய். எச்சத்தில் ரத்தம் எப்போதும் தெரிய வேண்டும் என்பதில்லை, சளி மாதிரியும் போகலாம். கூட்டில் போட்ட உமியோ மரத்தூளோ ஈரமாக இருந்தால் எச்சத்தோடு வெளியே வரும் கிருமி ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அதனால் ஈரத்தை முழுக்க அள்ளிப் போட்டுவிட்டுக் காய்ந்ததைப் பரப்புங்கள். உங்கள் பகுதியிலிருந்து ரிங் ரோட்டிலேயே போனால் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி. அன்று காலை போட்ட எச்சத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, குஞ்சோடு போங்கள். இந்த நோய்க்கு வழக்கமாகக் குடிநீரில் ஆம்ப்ரோலியம் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரே கூட்டில் இருப்பதால் ஏழுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அந்த மருந்து கொடுக்கும் நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு வேண்டாம். மருந்து வேலை செய்வதே அந்தக் கிருமிக்குத் தயமின் (பி காம்ப்ளெக்ஸில் உள்ள வைட்டமின் பி1) கிடைக்காமல் செய்துதான், நாமே அதை ஊற்றினால் பயன் குறையும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) தடுப்பூசி போட்டதாக நீங்கள் எழுதவில்லை. அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

தீவனத்தை நாளைக்கே மாற்றுங்கள், இதில் நான் பிடிவாதமாகச் சொல்வேன். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். குஞ்சுக்குத் தேவை சுமார் 1 சதவீதம்தான். மிச்சம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். புரதமும் குஞ்சுக்குப் போதாது, 20 சதவீதம் பக்கம் வேண்டும். குஞ்சுத் தீவனம் என்றே கேட்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே இடத்தில் மேய்வதால் பெரிய கோழிகளும் அதையே தின்னட்டும். அவற்றுக்கு மட்டும் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில், குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பிரிக்கலாமா என்று கேட்டீர்கள். மருத்துவர் சொன்னால் ஒழிய, ஒற்றையாக அட்டைப் பெட்டியில் அடைக்காதீர்கள். தனியாக விட்ட குஞ்சு கத்திக் கத்தியே ஓய்ந்துவிடும், மற்றவை கொத்துவதைப் பார்த்துத் தானும் கொத்த அதற்குத் துணை வேண்டும். பஞ்சாரம் (கோழியை மூடும் கூடை) கிடைத்தால் கவிழ்த்து, ஒரு ஓரத்தை மட்டும் செங்கல் வைத்துத் தூக்குங்கள். உங்கள் குஞ்சு நுழையலாம், கிரிராஜா நுழைய முடியாது என்கிற அளவுக்கு. உள்ளே தீனியும் தண்ணீரும். இந்த இடத்தில் அது சின்னதாக இருப்பதே அதற்கு உதவி.

இரவுக் குளிருக்கு எல்.இ.டி. பல்பு போட்டால் வெளிச்சம்தான் வரும். சூட்டுக்கென்றே விற்கும் இன்ஃப்ரா ரெட் பல்பை ஒரு மூலையில் மட்டும், உமியில் படாதபடி கெட்டியாகக் கட்டி மாட்டுங்கள். சூடு அதிகமானால் குஞ்சு தள்ளிப் போக இடம் இருக்க வேண்டும்.

மகனிடம் சொல்லுங்கள், கையில் இருக்கும் நேரமெல்லாம் குஞ்சு சாப்பிடாத நேரம். எடை பார்த்து எழுதும் பொறுப்பை அவனுக்கே கொடுக்கலாம், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அம்மா சொல்வதை நான் தள்ளவில்லை. ஒரே தடவையில் பத்துப் பன்னிரண்டு குஞ்சு பொரிக்கும் ஊரில், பருந்துக்கும் பூனைக்கும் நடுவே, பின்தங்கியது பிழைப்பதில்லை என்று பார்த்துப் பார்த்துச் சொல்வது அது. உங்களிடம் இருப்பது ஏழு குஞ்சு, பக்கத்திலேயே மருத்துவமனை. இரத்தக்கழிச்சல்தான் என்றால், சீக்கிரம் மருந்து கொடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிழைத்தாலும் கிரிராஜா உயரத்துக்கு வராது. அம்மா வீட்டுத் தாய்க்கோழி எந்த அளவோ, அதையொட்டித்தான் இதுவும் நிற்கும்.