ஆக்சிஜனா, கைவிசிறியா? தீராத நோயை வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றி மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

தொடங்குமுன் ஒன்று. மாத்திரையைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று இங்கே கேட்காதீர்கள். ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மற்றதைத் தாராளமாகக் கேளுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். கீமோ நடக்கும்போதே பேலியேட்டிவ் பிரிவுக்கும் (வலியையும் அவதியையும் தணிக்கும் பிரிவு) எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை அம்மா. கைவிடுவதாக இருந்தால் கீமோவை நிறுத்தியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்தே செய்வதுதான் இப்போதைய முறை. பாஸ்டனில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இதற்கு அடிப்படை. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மறுபாதிக்கு முதலிலிருந்தே பேலியேட்டிவ் குழுவும் சேர்த்து. இரண்டாவது குழுவில் மனச்சோர்வு குறைந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது, கடைசி வாரங்களில் வீண் சிகிச்சையும் குறைந்தது. ஆயுளின் நடுமதிப்பு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

இதைப் பிடித்துக்கொண்டு 'பேலியேட்டிவ் போனால் ஆயுள் கூடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்ம பரேலில் டாடா நினைவு மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுநோய் முற்றிய 180 பேரிடம் இதே யோசனையைச் சோதித்தது. வாழ்க்கைத் தரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. புற்றுநோய்க்குப் புற்றுநோய் கணக்கு மாறும்.

முதல் நாள் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வலி எந்த நேரத்தில், பத்துக்கு எத்தனை என்று ஒரு வாரம் எழுதிய நோட்டும் இருந்தால் அங்கே அரை மணி நேரம் மிச்சம்.

முலுண்டிலிருந்து: மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாரோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். வலி தாங்காதபோது மட்டும் கொடுக்கிறோம். சரியா?

சரியில்லை. வலி வந்த பிறகு துரத்துவதால்தான் அதிக மருந்து தேவைப்படுகிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம் வேலை செய்யும், அதனால் கடிகாரம் பார்த்துக் கொடுப்பார்கள்: காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்துக்கு இரட்டை டோஸ். நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த இரட்டை. இடையில் வலி பீறிட்டால் கொடுக்கும் கூடுதல் டோஸ், ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு; நாளுக்கு 60 மி.கி. என்றால் 10. எத்தனை முறை அது தேவைப்பட்டது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டர் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்.

அடிமையாவது என்பது, கெடுதல் தெரிந்தும் போதைக்காக மருந்தைத் தேடி அலைவது. வலிக்காக அளவோடு, கண்காணிப்பில் வாங்குபவருக்கு அது அரிது. உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு விஷயம், அது நடக்கும். அதனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

நீங்கள் பயப்பட வேண்டியது மலச்சிக்கலுக்கு. குமட்டல் ஒரு வாரத்தில் அடங்கும், தூக்கக் கலக்கம் மூன்று நாளில் தெளியும், மலச்சிக்கல் மட்டும் மருந்து இருக்கும்வரை இருக்கும். முதல் மார்ஃபின் மாத்திரையோடு முதல் மலமிளக்கியும் தொடங்க வேண்டும், பிசாகோடில் அல்லது சென்னா போலக் குடலைத் தள்ளும் வகை. இசப்கோல் வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். மார்ஃபினால் குடலே நகராதபோது, தண்ணீரும் குடிக்காதவருக்கு அது உள்ளேயே கெட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

உடனே போன் செய்ய வேண்டிய அறிகுறிகள்: கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது, கண்மணி ஊசி முனையாய்ச் சுருங்குவது, தட்டி எழுப்பியும் விழிக்காதது, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போவது. மார்ஃபினின் கழிவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். மழைக்காலத்தில் வாந்தி பேதி வந்து உடம்பு வற்றினால், நேற்றுவரை சரியாக இருந்த அதே டோஸ் இன்று அதிகமாகிவிடும். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரை என்றால் பொடிக்கவே கூடாது, மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

செம்பூரிலிருந்து: மார்ஃபின் கொடுத்தாலே கடைசி கட்டம்தானே?

வலியின் அளவைப் பார்த்துக் கொடுப்பது அது, மிச்ச நாட்களை எண்ணி அல்ல. மேலே முலுண்டுக்கு எழுதியதைப் படியுங்கள், மலமிளக்கிப் பகுதியை இரண்டு முறை.

டோம்பிவிலியிலிருந்து: அம்மாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைக்கும் நாட்பட்ட நுரையீரல் நோய்). மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆக்சிஜன் மெஷின் வாங்கிவிடலாமா?

உட்கார்ந்திருக்கும்போது விரல் மீட்டரில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று நீங்கள் சொல்லவில்லை. மூச்சு வாங்குவதும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதும் இரண்டு வேறு விஷயங்கள். நோய் நிதானமாக இருக்கும் நாளில், பத்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகும் 88க்கு மேல் ஏறாதவர்களுக்கு, ஒரு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன் வைத்தால் ஆயுள் கூடுகிறது. 1980, 81இல் வந்த இரண்டு ஆய்வுகளிலிருந்தே இது தெரியும். ஆக்சிஜன் மிதமாக மட்டும் குறைந்த 738 பேரை வைத்து 2016இல் வந்த ஆய்வில் பலன் இல்லை. மெஷினுக்கு முன் டாக்டரிடம் ரத்தவாயுப் பரிசோதனை கேளுங்கள்.

அதுவரை கைவிசிறி. லோக்கல் ரயிலில் விற்கும் சின்ன பேட்டரி விசிறியே போதும். முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்கும் கன்னமும் மேலுதடும் குளிரும்படி மெல்ல இடம் வலமாக ஐந்து நிமிடம். அந்த இடத்து நரம்பு குளிர்ச்சியை உணர்ந்தால் மூளையில் மூச்சுத் திணறும் உணர்வு குறைகிறது. கூடவே முன்பக்கம் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து மூச்சை விடச் சொல்லுங்கள்.

தாணேயிலிருந்து, ரிட்டயர்டு இன்ஜினியர்: விசிறியை எல்லாம் மருந்து என்கிறீர்களே. எங்கள் மாமாவுக்கு மெஷின் வைத்த அன்றே நிம்மதி வந்தது. கண்ணால் பார்த்தோம்.

நிம்மதி வந்தது நிஜம், சார். அதற்குக் காரணம் ஆக்சிஜன்தானா என்பதுதான் கேள்வி. 2010இல் வெளியான ஒரு ஆய்வில் 239 பேருக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள். பாதிப் பேருக்கு ஆக்சிஜன், பாதிப் பேருக்குச் சாதாரணக் காற்று, நிமிடத்துக்கு இரண்டு லிட்டர், ஏழு நாள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. எவருக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் மோசமாகக் குறைந்திருக்கவில்லை. இரண்டு குழுவுக்கும் மூச்சிரைப்பு தணிந்தது, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

தாணே: சரி, மனசுக்காகவே இருக்கட்டுமே. நிம்மதிதானே முக்கியம்? வைத்தால் என்ன நஷ்டம்?

நஷ்டம் மூன்று. ஒன்று, குழாயின் நீளம்தான் இனி அவர் உலகம். பால்கனிக்குப் போகவும் யோசிப்பார். இரண்டு, நெருப்பு. மூன்றாவதுதான் பெரிது: 98 காட்ட வேண்டும் என்று வீட்டில் யாராவது திருகி ஐந்தில் வைப்பார்கள். சிஓபிடிக்காரருக்கு இலக்கு 88 முதல் 92. அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்கு ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு சேர்ந்து, தூங்குவது போலவே மயக்கத்துக்குப் போய்விடுவார்கள். டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வைத்து ஒப்பிட்டு 2010இல் எழுதினார்கள். அளந்து கொடுத்தவர்களில், அள்ளிக் கொடுத்தவர்களைவிட இறப்பு பாதிக்கும் கீழே.

தாணே: எங்கள் வீட்டில் யாரும் அப்படித் திருகுவதில்லை. மாமாவுக்கு இப்போது 94. நன்றாகத்தானே இருக்கிறது?

மெஷினோடு 94ஆ, கழற்றியா?

தாணே: மெஷினோடு. மூன்றில் வைத்திருக்கிறோம்.

சிஓபிடி என்றால் அது இலக்கைத் தாண்டியது. எத்தனையில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறது என்று சீட்டை எடுத்துப் பாருங்கள், இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். காலையில் தலைவலி, பகலில் அசதியான தூக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கல்யாணிலிருந்து: மெஷின் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. பராமரிப்பு சொல்லுங்கள்.

வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மெஷினுக்குள் ஈரம் போகும். ஈரப்பத பாட்டிலில் டிஸ்டில்டு தண்ணீர்தான், தினம் மாற்ற வேண்டும். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றிலிருந்தும் இரண்டு மீட்டருக்கு மேல். பூஜை அறையும் படுக்கை அறையும் ஒன்றாக இருக்கும் நம்ம ஃபிளாட்டில் இதை முதலில் பாருங்கள். மூக்கு காய்ந்தால் வாஸ்லினோ தேங்காயெண்ணெயோ தடவாதீர்கள். தண்ணீரில் கரையும் ஜெல் கேளுங்கள். விரலில் மாட்டும் மீட்டர், நகப்பூச்சு இருந்தாலும் விரல் சில்லிட்டாலும் தவறு காட்டும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று 2020 முதல் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. எண் ஒன்றைச் சொல்லி ஆள் வேறு மாதிரி இருந்தால் ஆளை நம்புங்கள்.

ஆக்சிஜன் போதும். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

காட்கோபரிலிருந்து: மார்ஃபின் பழக்கமாகிவிடுமா?

மூன்றாவது முறை. முலுண்டுக்கு எழுதியது. மலமிளக்கி எழுதிக் கொடுத்தார்களா என்று சீட்டைப் பார்த்தீர்களா?

வாஷியிலிருந்து: அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு புத்தகம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

புத்தகம் மட்டும் போதாது. எந்த எண்ணைத் தாண்டினால் யாருக்குப் போன் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவில் சிஓபிடிக்காரர்களுக்குப் பாடம் நடத்தி, வீட்டிலேயே மருந்து தொடங்கும் திட்டம் கொடுத்த ஒரு ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், 2012இல் அது வெளியானது. 426 பேரில், திட்டம் பெற்ற குழுவில் 28 பேரும் மற்றதில் 10 பேரும் இறந்திருந்தார்கள். காரணம் புரியவில்லை. ஸ்டான்ஃபோர்டில் உருவான ஆறு வாரப் பயிற்சி, வாரம் இரண்டரை மணி நேரம், கூட்டமாக உட்கார்ந்து வாரா வாரம் சின்ன இலக்கு வைத்துப் போவது. அதில் நல்ல பலன் வந்திருக்கிறது. சுயபராமரிப்பு என்றால் தனியாக விடுவது அல்ல.

உங்களுக்கு வேண்டியது: காலையில் சிறுநீர் கழித்து, காபிக்கு முன், அதே மாதிரி உடையில் எடை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றே போன், கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, பாக்கெட் நொறுக்குத் தீனி நிறுத்தம். 'லோ சோடியம்' உப்பு வாங்காதீர்கள். அதில் இருப்பது பொட்டாசியம், அவர் சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்ந்தால் இதயத் துடிப்பையே குழப்பும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் கடையில் வாங்கிப் போடுவதும் கூடாது, உடம்பில் தண்ணீர் கோக்கும்.

மலாடிலிருந்து: இதையெல்லாம் குறித்து வைக்க எந்த ஆப் நல்லது?

நாற்பது பக்க நோட்டு.

தாராவியிலிருந்து: சித்தப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுப்புண். நாற்றம் தாங்கவில்லை. அவரே யாரையும் கிட்ட விடுவதில்லை.

நாற்றம் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமியிலிருந்து வருகிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவது நம் நாட்டு கிளினிக்குகளில் வழக்கம். எத்தனை என்று கிளினிக்கில் கேளுங்கள், இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரியும். கழுவ, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு. பழைய துணியைப் பிய்த்து எடுக்காதீர்கள், ரத்தம் கொட்டும். அதே தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். மஞ்சள், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் வேண்டாம். படுக்கைக்கு அடர்நிறத் துண்டு ஒன்று வையுங்கள், ரத்தம் பட்டால் பார்ப்பவர்கள் பதறமாட்டார்கள். புழு தெரிந்தால் அன்றே கிளினிக். வீட்டில் பார்க்க முடியாத நிலை வந்தால் பாந்த்ராவில் சாந்தி அவேதனா சதன் இருக்கிறது, 1986இல் தொடங்கிய நாட்டின் முதல் ஹாஸ்பிஸ், முற்றிய புற்றுநோய்க்காரர்களுக்கானது.

அந்தேரியிலிருந்து: வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து. மாஜிஸ்டிரேட் வேண்டியதில்லை. பிரதியைக் குடும்ப டாக்டரிடம் கொடுங்கள். மற்றதற்கு வக்கீல்.

முலுண்டிலிருந்து மறுபடியும்: பதிலைப் படித்துவிட்டு அப்பாவைக் கேட்டேன். ஐந்து நாளாகப் போகவில்லையாம். இன்று காலையிலிருந்து தண்ணீராகப் போகிறது. பேதி மாத்திரை கொடுக்கட்டுமா?

கொடுக்காதீர்கள் தம்பி. அது பேதியாக இருக்க வாய்ப்பு குறைவு. உள்ளே கெட்டியாக அடைத்திருப்பதைச் சுற்றி வழிவது. பேதியை நிறுத்தும் மாத்திரை போட்டால் அடைப்பு இறுகும். வயிறு உப்பி, வாந்தியும் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி. இல்லையென்றால் இப்போதே பேலியேட்டிவ் கிளினிக்குக்குப் போன் போட்டு, ஐந்து நாள், மார்ஃபின், மலமிளக்கி கொடுக்கவில்லை என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். விரலால் பார்த்து, எனிமா வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். மார்ஃபினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.