மறுபடியும் முதல் நாள்

அன்புள்ள சார்,

வணக்கம். வேலையை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பும் கட்டுரைகளுமாகப் பிழைக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. காலை ஐந்து மணிக்கு எழுவது, எட்டு மணிக்குள் ஆயிரம் சொற்கள், மாலையில் நடை என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 21 நாள் தாண்டினால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நான்கு முறை முயன்றேன். 11, 9, 12, 10 நாட்களில் நின்றுபோனது. ஒரு நாள் விட்டால் மறுநாளே 'முதல் நாள்' என்று போட்டு மறுபடி தொடங்குகிறேன். இரவில் நாட்குறிப்பை எடுத்து என்னை நானே திட்டி எழுதுவது மட்டும் தவறாமல் நடக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பெயர் வேண்டாம், ஈரோடு.

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு ஒரு பழக்கம் அருமையாக அமைந்துவிட்டது, கவனித்தீர்களா? இரவில் திட்டி எழுதுவது. அதற்கு நீங்கள் அட்டவணை எதுவும் போடவில்லை. படுக்கப் போகும்போது நோட்டு பக்கத்தில் இருக்கிறது, கை தானாக எடுக்கிறது. மற்றதும் இப்படித்தான் அமையும்.

முதலில் அந்த 21-ஐ இறக்கி வைப்போம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியில் தெரிகிற புது முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் மிஞ்சியது.

ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலியும் அவருடைய சக ஆய்வாளர்களும். 2009-இல் வெளியான ஆய்வு அது. 96 பேர், 12 வாரம். சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி என்று ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு, 'காலை உணவு முடிந்ததும்' என்பதுபோல ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு சேர்த்துச் செய்ய வேண்டும். யோசிக்காமலே செய்யும் நிலை வர ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254. (12 வாரத்தில் ஏது 254 என்பீர்கள். போகிற போக்கை வைத்துக் கணித்தது.) நடுவில் நிற்கும் எண் 66. ஒரு மண்டலம் மருந்து சாப்பிடு என்று 48 நாள் கொடுக்கிற நம்மூர் வைத்தியர்கூட 21-ஐவிடத் தாராளமானவர்தான்.

உங்களுக்கு வேண்டிய செய்தி அதே ஆய்வில் இன்னொரு இடத்தில் இருக்கிறது. இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவதில் பெரிதாக எதுவும் கெடவில்லை. நீங்கள் மறுநாளே திரும்ப எழுந்திருக்கிறீர்கள். 11, 9, 12, 10. கூட்டினால் 42. அதை நான்கு முறை அழித்து முதலிலிருந்து எண்ணியது நீங்கள்தான். நாளைக்கு 43 என்று போடுங்கள்.

சரி, ஐந்து மணிக்கு வருவோம். ஆந்தனி ட்ரொலோப் என்ற ஆங்கில நாவலாசிரியர் காலை 5.30-க்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். எதிரே கடிகாரம், கால்மணிக்கு 250 சொற்கள். பலரும் இவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அலுவலகம் போயாக வேண்டும் என்பதே காலைக்கு ஒரு வேலி. போதாததற்கு, எழுப்பிவிட்டுக் காபி கொடுக்க ஓர் ஆளுக்கு வருடம் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். அதிகாலை மகிமை பாடுகிறவர்கள் காபி போட்டது யார் என்று சொல்வதே இல்லை.

நமக்கு இரவு பதினொரு மணிக்கு ஃபைல் வரும், 'காலைக்குள் முடியுமா?' என்று. இரண்டு மணிக்குப் படுத்தவர் ஐந்து மணிக்கு எழவில்லை என்றால் அது ஒழுக்கக் குறைவா? என் நாள் கடிகாரத்தில் தொடங்குவதில்லை. காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் மேசைக்குப் போகிறேன். சில நாள் அது ஆறரை, சில நாள் ஒன்பது. போனைத் தொடும் முன் நேற்று பாதியில் விட்ட பத்தியைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அன்றைக்கு நாற்பது சொல் வந்தாலும் கணக்கில் சேரும். உட்காருவதுதான் பழக்கமாகிறது. எழுதுவது எனக்கு இத்தனை வருடத்தில் பழக்கமானதே இல்லை, முதல் வாக்கியம் இன்றைக்கும் முரண்டு பிடிக்கிறது. ஆயிரம் சொல் என்பது கூலிக் கணக்கு. அதைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

நாட்குறிப்பு விஷயத்துக்கு வருகிறேன். என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது. வீடு மாறும்போது பரணிலிருந்து கிடைத்தது. ஒரு பக்கத்தில் 'இன்றும் எழுதவில்லை' என்று தொடங்கி, ஏன் எழுதவில்லை என்று மூன்று பக்கம். அந்த மூன்று பக்கத்தைக் கட்டுரையாக்கியிருந்தால் அந்த மாதக் கரண்ட் பில்லைக் கட்டியிருப்பேன். சிரித்துக்கொண்டே புரட்டியவன் தேதிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஓரிடத்திலிருந்து நான்கு மாதமாகப் பணம் வராமல் அலைந்த காலம் அது. தூக்கம் இல்லை, வாடகை பாக்கி. நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சோம்பல், உறுதியின்மை, கவனச்சிதறல் என்று என் குணத்தைத்தான் பக்கம் பக்கமாகக் குறை சொல்லியிருக்கிறேன். பணத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டியவன், தன்னைத் திருத்திக்கொள்ளத் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதுவது நாலைந்து வரி. 'டீக்கடைக் கட்டுரை, மூன்றாம் பத்தி. பாய்லர் முடிந்தது. நாளை: கடன் நோட்டு. மொழிபெயர்ப்பு 6 பக்கம், இன்னும் 9. இரண்டு பில் பாக்கி.' எப்படிப்பட்ட மனிதன் என்ற ஆராய்ச்சி இதில் கிடையாது. காலையில் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடுகிறது, அந்த வசதி போதும் எனக்கு.

அப்புறம், ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு இந்த மாதம் எங்கிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று அந்த நாட்குறிப்பில் எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் இன்றிரவு அதை எழுதிவிட்டுப் படுங்கள்.