'கலிவரின் பயணங்கள்' எழுதியவர் மனிதர்களை வெறுத்தவரா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஜோனதன் ஸ்விஃப்டின் நூலைச் சுருக்கம் இல்லாமல் முழுதாக இப்போதுதான் படித்து முடித்திருக்கிறார். குள்ளர்களும் ராட்சதர்களும் வரும் பாகங்கள் பிடித்திருந்தன, நான்காம் பாகம் மனத்தைக் கலக்கிவிட்டது என்கிறார். அங்கே குதிரைகள் பகுத்தறிவோடு ஒழுங்காக வாழ்கின்றன. மனித உருவம் கொண்ட யாஹூக்களோ அழுக்கில் புரண்டு ஒன்றையொன்று பிறாண்டுகின்றன. "இவ்வளவு வெறுப்போடு எழுதியதை ஏன் உயர்ந்த அங்கதம் என்று கொண்டாடுகிறோம்?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்கும் இதே கலக்கம் இருந்தது. சின்ன வயதில் நான் படித்தது இரண்டே தேசங்கள் கொண்ட சிறுவர் பதிப்பு. முழு நூலையும் கையில் எடுத்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. நேரமும் சரியில்லை. நம்பிக் கூட்டாகத் தொழில் தொடங்கிய ஒருவர் என்னை ஏமாற்றிவிட்டுப் போயிருந்தார். யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்த காலம் அது. அந்த மனநிலையில் படித்தபோது, கதையைச் சொல்லும் பயணியான கலிவர் சொன்னதெல்லாம் எனக்குச் சரியாகப் பட்டது. மனிதர்கள் யாஹூக்கள்தான் என்று நானும் நினைத்தேன். புத்தகத்தை மூடும்போது ஒருவித ஆறுதல்கூடக் கிடைத்தது. எவ்வளவு தவறாகப் படித்திருக்கிறேன் என்பது ஆறேழு ஆண்டுகள் கழித்து மறுபடி படித்தபோதுதான் தெரிந்தது.

ஸ்விஃப்ட் தாமே இதைப் பற்றி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நூல் வெளிவந்தது 1726 அக்டோபரில். அதற்கு ஓராண்டு முன்பு, 1725 செப்டம்பரில், கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு அந்தக் கடிதத்தை அனுப்பினார். தேசம், தொழில், கூட்டம் என்று மொத்தமாக வரும் எதையும் தமக்குப் பிடிக்காது, தம் அன்பெல்லாம் தனித்தனி ஆட்கள் மேல்தான் என்கிறார். மனிதன் என்ற விலங்கை வெறுப்பதாகவும், ஆனால் ஜான், பீட்டர், தாமஸ் என்று பெயர் சொல்லி வரும் ஒவ்வொருவரையும் மனதார நேசிப்பதாகவும் எழுதுகிறார். அதோடு, மனிதனைப் 'பகுத்தறியும் விலங்கு' என்று சொல்லும் பழைய வரையறை பிழை, 'பகுத்தறியக்கூடிய விலங்கு' என்பதே சரி என்றும் சொல்கிறார்.

இந்த ஒரு சொல் மாற்றத்தில்தான் முழு நூலும் இருக்கிறது என்பது என் எண்ணம். மீன் நீந்தும். மனிதன் நீந்தக்கூடியவன். கற்றுக்கொண்டால் நீந்துவான், தனக்குத் தெரியும் என்ற நினைப்பில் ஆழத்தில் குதித்தால் மூழ்குவான். அறிவு நமக்கு இயல்பாகவே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு செய்யும் காரியங்கள்தான் ஸ்விஃப்டுக்கு ஆத்திரம் மூட்டின.

சரி, அதை நேராகவே சொல்லியிருக்கலாமே? தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகச் சொல்லும் வசை செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். புறநானூற்றில் ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டுகிறான். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலில் எவ்வளவு அழகாக இருக்கின்றன இவை, எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். கேட்பவன் முதலில் மகிழ்ந்திருப்பான், பிறகுதான் சுருக்கென்று தைத்திருக்கும். பழிகரப்பு வேலை செய்யும் விதம் இதுதான். கேட்பவனைத் தலையாட்ட வைத்து, எதற்குத் தலையாட்டினோம் என்று அவனையே யோசிக்க வைக்கும். ஸ்விஃப்ட் அதை ஒரு நூல் முழுக்கச் செய்கிறார். தலையாட்டுபவர் வாசகர். நான் ஆட்டினேன்.

குள்ளர்களின் தேசமான லில்லிபுட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்ற சண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. ஆறு கலகங்கள் நடக்கின்றன. ஓர் அரசன் உயிரையும் இன்னோர் அரசன் முடியையும் இழக்கிறான். சிறிய முனையில் உடைப்பதைவிடச் சாவதே மேல் என்று பதினோராயிரம் பேர் செத்திருக்கிறார்கள். அவர்களுடைய வேதநூலில் இருப்பதோ 'வசதியான முனையில் உடையுங்கள்' என்ற ஒரு வரிதான். கணினியின் நினைவகத்தில் ஓர் எண்ணின் பைட்டுகளை எந்த முனையிலிருந்து தொடங்கி வைப்பது என்று பொறியாளர்கள் மோதிக்கொண்டபோது, 1980இல் டேனி கோஹன் என்ற கணினி அறிஞர் இந்த இரண்டு கட்சிகளின் பெயர்களையே அந்த முறைகளுக்கு வைத்தார். அந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. எந்தப் பக்கம் போனாலும் பெரிய நஷ்டம் இல்லாத விஷயத்தில்தான் புத்திசாலிகள் கடுமையாக மோதுகிறார்கள் என்பதை ஸ்விஃப்ட் சரியாகப் பிடித்திருந்தார்.

எனக்கு முட்டையைவிட அந்த நாட்டு அரசனின் கருணைதான் அதிகம் உறைத்தது. அங்கே ஒரு கொடூரமான தண்டனைக்கு முன்னால் அரசனின் இரக்கத்தைப் புகழ்ந்து ஓர் உரை வரும். புகழ்ச்சி நீளமாக இருந்தால் தண்டனை அவ்வளவு கொடியது என்று மக்களுக்குத் தெரியும். அதனால் அந்த உரையைக் கேட்டாலே நடுங்குவார்கள். எதிரியின் கப்பல்களை இழுத்துவந்து தந்த கலிவருக்கு இப்படி இரக்கத்தோடு தீர்மானிக்கப்பட்ட தண்டனை, இரண்டு கண்களையும் அவிப்பது.

அப்புறம் ராட்சதர்களின் தேசம். இங்கேதான் ஒரு முக்கியமான குறிப்பு கிடைக்கிறது. நன்றி காட்டுவதாக நினைத்துக்கொண்டு கலிவர் அரசனுக்கு வெடிமருந்தின் ரகசியத்தைச் சொல்லித் தருவதாகச் சொல்கிறான். ஊர்களைத் தரைமட்டமாக்கலாம், உடல்களைச் சிதறடிக்கலாம் என்று விவரிக்கிறான். அரசன் திகைத்துப் போகிறான். பாதி ராஜ்யத்தை இழந்தாலும் சரி, அந்த ரகசியம் எனக்கு வேண்டாம், உயிர்மேல் ஆசையிருந்தால் இனி இதைப் பற்றிப் பேசாதே என்கிறான். இதைக் கேட்ட கலிவர், குறுகிய பார்வை கொண்டவன் என்று அரசனுக்காகப் பரிதாபப்படுகிறான். கதை சொல்லும் கலிவரையும் கதையை எழுதிய ஸ்விஃப்டையும் ஒரே ஆளாக நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேண்டாம். இதை மறந்துவிட்டு நான்காம் பாகத்துக்குள் போனதுதான் நான் செய்த தவறு.

மூன்றாம் பாகத்தில் லகாடோ என்ற நகரத்து ஆராய்ச்சிக் கழகத்தில் வெள்ளரிக்காயிலிருந்து சூரிய ஒளியைப் பிரிக்க ஒருவர் எட்டு ஆண்டுகளாக முயல்கிறார். இன்னொருவர் கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வீடு கட்டப் பார்க்கிறார். சிரிக்கலாம், ஆனால் எனக்கு இந்தப் பாகம் கொஞ்சம் சலிப்புதான்.

குதிரைகளின் தேசத்துக்கு வருவோம். ஹுயின்ம் என்று பெயர் கொண்ட இந்தக் குதிரைகளின் மொழியில் பொய் என்பதற்குச் சொல் இல்லை. 'இல்லாததைச் சொல்வது' என்று சுற்றிவளைத்துத்தான் சொல்ல முடியும். சண்டை இல்லை, பேராசை இல்லை, பொறாமை இல்லை. வெறுத்துப்போன மனநிலையில் படிப்பவருக்கு இது சொர்க்கம். ஆனால் அந்தச் சொர்க்கத்தின் பொதுச்சபையில் நடக்கும் விவாதத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். யாஹூக்களைப் பூமியிலிருந்தே அழித்துவிடலாமா என்பதுதான் விவாதப் பொருள். யாரும் குரலை உயர்த்துவதில்லை. கலிவருக்கு எஜமானாக இருக்கும் நல்ல குதிரை ஒரு யோசனை சொல்கிறது. இளம் யாஹூக்களுக்கு விதையடித்துவிட்டால் கொல்லாமலேயே ஒரு தலைமுறையில் இனம் தீர்ந்துவிடும். இந்த யோசனை அதற்கு எங்கிருந்து கிடைத்தது? மனிதர்கள் குதிரைகளை அப்படித்தான் அடக்குகிறார்கள் என்று கலிவரே சொல்லியிருந்தான்.

கடைசியில் கலிவரும் ஒரு யாஹூதான் என்று சபை தீர்மானித்து அவனை வெளியேறச் சொல்கிறது. அவன் ஒரு சிறு படகு கட்டுகிறான். அதன் மேல் யாஹூத் தோலைப் போர்த்துகிறான். பாய்க்கு இளம் யாஹூக்களின் தோல், அது மென்மையாக இருக்கும் என்பதால். இடுக்குகளை அடைக்க யாஹூக் கொழுப்பு. இதையெல்லாம் தச்சுவேலையை விவரிப்பது போல எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறான். முதல் வாசிப்பில் நானும் அப்படியே நகர்ந்துவிட்டேன். இரண்டாம் முறை அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். மனித உருவம் கொண்ட குழந்தைகளின் தோலில் பாய் தைத்தவனைத்தானே நான் என் கட்சி என்று நினைத்திருந்தேன்!

பகுத்தறிவு தவறு என்று ஸ்விஃப்ட் சொல்கிறாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் உயிரை 'வகை'யாக மட்டும் பார்க்கத் தொடங்கிவிட்டால் அறிவு எந்தக் கொடுமைக்கும் ஒழுங்கான வழி கண்டுபிடித்துத் தரும் என்கிறார். நூல் வந்து மூன்றாண்டு கழித்து, 1729இல், அவர் பெயர் போடாமல் வெளியிட்ட 'ஒரு பணிவான யோசனை' என்ற சிறு பிரசுரம் இதையே இன்னும் நேராகச் சொல்கிறது. அயர்லாந்தில் அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்து, ஏழைகள் பிள்ளைகளோடு பிச்சையெடுத்துத் திரிந்த காலம் அது. பிரசுரத்தில் பேசுபவர் ஒரு புள்ளிவிவரக்காரர். ஆண்டுக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள் பிறக்கின்றன என்று கணக்கிடுகிறார். 20,000 பேரை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதி ஒரு லட்சத்தை ஒரு வயதில் பணக்காரர்களின் உணவு மேசைக்கு விற்றுவிடலாம் என்கிறார். எடை, விலை, நாட்டுக்கு வரும் லாபம் எல்லாம் எழுதியிருக்கிறது. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

அந்தப் பிரசுரத்தின் முடிவை நெருங்கும்போது ஒரு பத்தி வரும். நாட்டில் இல்லாமல் வெளியே இருந்துகொண்டு வருமானத்தை உறிஞ்சும் நிலக்காரர்களுக்கு வரி போடுங்கள், உள்ளூரில் செய்த பொருளையே வாங்குங்கள், குத்தகைக்காரர்களிடம் கொஞ்சமாவது இரக்கம் காட்டுங்கள் என்பது போன்ற வழிகளை வரிசையாகச் சொல்லி, 'இவற்றையெல்லாம் என்னிடம் பேசாதீர்கள்' என்று தள்ளிவிடுகிறார் அந்தக் கணக்கர். தள்ளப்பட்டவை அத்தனையும் ஸ்விஃப்ட் நிஜமாகவே பல ஆண்டுகளாகக் கேட்டு, யாரும் காது கொடுக்காத யோசனைகள். பழி கரந்த இடத்தில் அவர் மனம் தெரிகிறது. மனிதர்களை வெறுப்பவருக்கு இந்தப் பத்தியை எழுத வேண்டிய அவசியமே இல்லை. தம் சொத்தில் பெரும்பகுதியை அவர் டப்ளினில் ஒரு மனநல மருத்துவமனை கட்டுவதற்காக எழுதி வைத்துவிட்டுப் போனார். அது இன்றும் இயங்குகிறது.

நான்காம் பாகத்தில் நான் முதல்முறை கவனிக்காமல் விட்ட ஆள் ஒருவர் இருக்கிறார். பெத்ரோ தெ மெந்தெஸ் என்ற போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர். படகில் வந்த கலிவரை அவருடைய ஆட்கள் காப்பாற்றுகிறார்கள். கலிவருக்கு அவர்களும் யாஹூக்கள். நாற்றம் தாங்காமல் கடலில் குதித்துத் தப்பப் பார்க்கிறான். அப்படியும் பெத்ரோ கோபப்படவில்லை. சாப்பாடு தருகிறார், துவைத்த சட்டைகள் தருகிறார், லிஸ்பனில் தம் வீட்டிலேயே தங்க வைக்கிறார். மனைவி மக்களிடம் திரும்பிப் போ என்று பொறுமையாகப் பேசி மனத்தை மாற்றுகிறார். கிளம்பும்போது இருபது பவுண்டு கடனும் கொடுக்கிறார். பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் அறிவுள்ள விலங்கு என்ற மட்டில் அவரைச் சகித்துக்கொண்டதாகக் கலிவர் எழுதுகிறான். போப்புக்கு எழுதிய கடிதத்தில் ஜான், பீட்டர், தாமஸ் என்று சொன்னாரே, அந்த வரிசையில் வர வேண்டியவர் இவர். மனிதர்கள் மேல் வெறும் வெறுப்பு மட்டும் இருந்திருந்தால், கதையின் இந்த இடத்தில் இப்படி ஒருவரை ஸ்விஃப்ட் ஏன் கொண்டுவந்து வைக்க வேண்டும்? என்னை ஏமாற்றியவர் போன பிறகு, கேட்காமலேயே வந்து எனக்குக் கைகொடுத்த இரண்டு நண்பர்களை இந்தப் பகுதியைப் படிக்கும்போதுதான் நினைத்தேன். அதுவரை அவர்களையும் சேர்த்துத்தான் மனிதர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் நூலைத் தள்ளி வைத்துவிடாதீர்கள். நான்காம் பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களை மட்டும், கலிவரை நம்பாமல், அவனைச் சுற்றி இருப்பவர்களின் பக்கத்தில் நின்று இன்னொரு முறை படியுங்கள். ஐந்தாண்டு கழித்து வீடு வந்தவனைக் கட்டி முத்தமிடுகிறாள் அவன் மனைவி மேரி. அவன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மயங்கிக் கிடக்கிறான். பிறகு இரண்டு குதிரைகளை வாங்கி, நாள்தோறும் நான்கு மணி நேரமாவது அவற்றோடு பேசிக்கொண்டிருக்கிறான். மேலும் ஐந்தாண்டு கழித்துத்தான் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட மேரியை அனுமதிக்கிறான், அதுவும் ஒரு நீண்ட மேசையின் மறுகோடியில். அவன் கேட்கும் ஒன்றிரண்டு கேள்விகளுக்கு மிகச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம் என்று இடம் தருகிறான். என்ன கேட்டான், அவள் என்ன சொன்னாள் என்று அவன் எழுதவில்லை. நான் இப்போதெல்லாம் இந்த நூலைத் திறந்தால் அந்த மறுகோடியில் உட்கார்ந்திருப்பவளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.