காதுக்குப் போதும், வாய்க்கு வேண்டாம்

தம்பி, வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுவதற்குள் அர்பன் டிக்‌ஷனரியைப் பார்த்து ஸ்லாங் வார்த்தைகளை (கொச்சைப் பேச்சு வார்த்தைகளை) ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறீர்களாம். அதைப் பேசினால் ஆபீஸில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே குளிர் உடை, வங்கிக் கணக்கு பற்றியும். அவை இரண்டும் இறங்கிய வாரத்திலேயே தானாக முடிந்துவிடும், விடுங்கள். எனக்குக் கவலை அந்த நோட்டுதான்.

1999-ல் ஆரோன் பெக்கம் என்ற கல்லூரி மாணவர் முறையான அகராதிகளைக் கிண்டலடிக்கத் தொடங்கிய தளம் அது. யார் வேண்டுமானாலும் வார்த்தையை உருவாக்கலாம், பொருளும் எழுதலாம். ஓட்டு அதிகம் வாங்கியது மேலே ஏறும். அதனால் முதலில் தெரிவது பலரைச் சிரிக்க வைத்த விளக்கம். சரியான விளக்கமாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஒரு பதிவைப் படிக்கும்போது பொருளுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். 2005-ல் எழுதியது பழைய ஓட்டுகளின் பலத்தில் இன்னும் உச்சியில் உட்கார்ந்திருக்கும்; வார்த்தை செத்துப் பல வருடம் ஆகியிருக்கும். அடுத்து உதாரண வாக்கியம். இரண்டு பேர் இயல்பாகப் பேசுவது போல இருந்தால் நம்பலாம். யாரோ ஒரு நண்பனைப் பெயர் சொல்லித் திட்டுவது போல இருந்தால், அது அவர்கள் வகுப்பறையைத் தாண்டாத வார்த்தை. ஆள் பெயர்களுக்கு ‘உலகிலேயே அழகானவள், அன்பானவள்’ என்று விளக்கம் இருக்கும். காதலனோ தோழியோ எழுதியது, கடந்து போங்கள். ஊர்ப் பெயரை ஒட்டி விசித்திரமான படுக்கையறை வித்தைகள் வரும். முக்கால்வாசி, எவனோ உட்கார்ந்து கற்பனை செய்தது. இதையெல்லாம் ஆபீஸ் கணினியில் திறக்காதீர்கள். சில நிறுவனங்களில் ஆபாசத் தளக் கணக்கில் பதிவாகலாம்.

வார்த்தைக்கு உயிர் இருக்கிறதா என்று சோதிக்க, விளக்கம் சொல்லாமலே அதைப் புழங்குகிறவர்களைத் தேடுங்கள். தேடினால் விளக்கங்கள் மட்டுமே வருகிறதென்றால் அது பிறந்த இடத்திலேயே நின்றுவிட்டது. விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்சனரி என்ற இணைய அகராதியின் விதி நல்ல அளவுகோல்: ஆங்கிலம் போன்ற மொழிகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில், குறைந்தது ஒரு வருட காலத்துக்குப் பரவி அந்தப் பொருளில் வந்திருக்க வேண்டும். ‘ஹாங்ரி’ (பசி வந்தால் வரும் கோபம்) அப்படிப் பிழைத்து 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குள்ளேயே போய்விட்டது. அதைத் தைரியமாகச் சொல்லலாம். ‘ரிஸ்’ (ஆளை மயக்கும் கவர்ச்சி) 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டுச் சொல். ஆனாலும் நாற்பது வயது மேனேஜரிடம் சொன்னால் உங்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார். யாருக்கு யார் சொல்வது என்பதை எந்த அகராதியும் சொல்லித் தராது. புதிதாகத் தமிழ் கற்ற வெள்ளைக்காரர் உங்கள் அப்பாவைப் பார்த்து ‘என்ன மச்சி’ என்றால் எப்படி இருக்கும்? அதுதான்.

பாட்டுகளில் கறுப்பினப் பாடகர்கள் சொல்லும் அந்த ‘என்’ (N) வார்த்தை, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல், அது மட்டும் வாயில் வரவே கூடாது. பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தாலும் வேலை போகலாம். நம் ஆட்களில் சிலர் வந்த இரண்டாம் வாரமே ‘ப்ரோ’, ‘வாட்ஸ் அப்’ என்று தோளைக் குலுக்குவார்கள், இந்த வார்த்தையையும் சேர்த்து. பார்க்கவே கூசும்.

உண்மையில் ஆள் கவிழ்வது நாம் ஊரிலிருந்து கொண்டுவரும் சாதாரண வார்த்தைகளில். அழிப்பான் கேட்க ‘ரப்பர்’ என்றால் அமெரிக்காவில் ஆணுறை. ‘2019-ல் பாஸ் அவுட் ஆனேன்’ என்றால் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லுங்கள். ‘பேன்ட்ஸ்’ என்றால் பிரிட்டனில் உள்ளாடை. ‘தாங்ஸ்’ ஆஸ்திரேலியாவில் காலுக்குப் போடும் செருப்பு, அமெரிக்காவில் ஒரு வகை உள்ளாடை. நோட்டில் எழுதுவதென்றால் இந்த மாதிரி பத்தை எழுதுங்கள்.

நாங்கள் வந்த காலத்தில் கையில் போன் கிடையாது. காதால் கேட்டுப் பிடித்ததுதான், அதில் யாரும் குறைந்துபோகவில்லை. புது வார்த்தை காதில் விழுந்தால் சொன்னவர் வயது, யாரிடம் சொன்னார், பக்கத்தில் மேலாளர் இருந்தாரா என்று கவனியுங்கள். மூன்று வெவ்வேறு ஆட்கள் வாயிலிருந்து வந்த பிறகு நீங்களும் சொல்லலாம். அவசரம் என்றால் ‘அப்படின்னா என்ன?’ என்று நேராகக் கேளுங்கள். ஸ்லாங் விளக்கச் சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள், கால் மணி நேரம் பேசுவார்கள்.