நுரை ஏறாத ஸ்கிம்மர்: பம்பை மாற்றும் முன் நீர்மட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: 200 லிட்டர் பவளத் தொட்டிக்காக 4 அங்குல பிவிசி குழாயில் நானே புரோட்டீன் ஸ்கிம்மர் (குமிழி நுரையால் நீரிலுள்ள கழிவை அகற்றும் கருவி) செய்தேன். காற்றை நுண்குமிழிகளாக்கும் மரக் காற்றுக்கல்லில் இருந்து குமிழி நிறைய வருகிறது. மூன்று வாரமாகியும் மேலுள்ள கோப்பையில் அழுக்குச் சேரவில்லை. பெரிய ஏர் பம்ப் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மீன்கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் நீரில் கரையும் புரத மூலக்கூறுகளில் ஒரு பகுதி நீரை நாடும், மற்றொன்று நீரை விலக்கும் என்பதால், அவை குமிழியின் பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலேறுகின்றன. ஆனால் அந்த நுரை கோப்பைக்குக் கீழுள்ள கழுத்துப் பகுதியில் சற்றுத் தங்கி, இடையிலுள்ள நீர் வடிந்து, கெட்டிப்பட்ட பிறகே கோப்பைக்குள் வழிய வேண்டும். நீர்மட்டம் கழுத்துக்கு வெகு கீழே நின்றால் நுரை வழியிலேயே உடைந்துவிடும். மட்டம் கூடினால் வெறும் உப்புநீர்தான் கோப்பையை நிரப்பும்.

எனவே தொட்டி நீர் மேற்பகுதியில் நுழைந்து, ஏறிவரும் குமிழிகளுக்கு எதிராகக் கீழிறங்கட்டும். அடியிலிருந்து வெளியேறும் குழாயை வெளிப்புறமாகக் கழுத்தின் அடிக்குச் சற்றுக் கீழே வரை உயர்த்தி, அதில் கேட் வால்வு (பல சுற்றுகளில் மெல்லத் திறக்கும் வால்வு) பொருத்துங்கள். கால் திருப்பில் முழுவதும் திறந்துவிடும் பால் வால்வில் நுண்ணிய மாற்றம் செய்ய இயலாது. அக்குழாயின் உச்சி வளைவில் டீ (T வடிவ) இணைப்பு ஒன்றை மேல்வாய் திறந்தபடி விடுங்கள். அது இல்லையென்றால் சைஃபன் ஏற்பட்டு, அதாவது குழாய் தானாகவே நீரை உறிஞ்சி இழுத்து, உள்ளிருக்கும் மட்டம் இறங்கிவிடும்; உங்கள் சிக்கலுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

கழுத்தாவது தெளிவான அக்ரிலிக் குழாயாக இருப்பது அவசியம், ஏனெனில் வால்வைச் சிறிது திருப்பிவிட்டுச் சில மணி நேரம் காத்திருந்து, நுரையைக் கண்ணால் பார்த்தே மறுபடி திருப்ப வேண்டும். சரியான நிலையில், வெண்மையாகக் குதிக்கும் குமிழிகளுக்கு மேலே காப்பி நிற நுரை மெல்ல ஊர்ந்து ஏறும்; கோப்பையில் சேரும் நீரோ சதுப்பு நாற்றத்துடன் கரும்பழுப்பாக இருக்கும். கழுத்தின் உட்சுவரில் படியும் பிசுபிசுப்பான வளையம் நுரையை உடைத்துவிடும் என்பதால் அதை வாரம் ஒருமுறையாவது துடைத்துவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் வைத்துச் சோதிக்காதீர்கள். உப்பில்லா நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். மரக் காற்றுக்கல் சில வாரங்களில் அடைபடும், ஆகவே குமிழி பருத்து வருவதைக் கண்டால் கல்லை மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நுரை மெலிந்தே இருந்தால் மட்டும் பம்பைப் பற்றி யோசிக்கலாம். வால்விலோ இணைப்புகளிலோ பித்தளை ஒன்றுகூட இருக்கக்கூடாது, அதிலிருந்து கசியும் செம்பு பவளங்களைக் கொன்றுவிடும்.