ஆங்கிலேயக் கடற்படையை ஆல்ஃபிரெட்தான் தொடங்கினாரா? – கேள்வி பதில்

கே: அண்ணா, ஆங்கிலேயக் கடற்படைக்குத் தந்தை ஒன்பதாம் நூற்றாண்டு வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரெட் என்கிறார்களே, சரியா?

ப: பட்டம் கொஞ்சம் தாராளம், தம்பி. 851-லேயே அவருடைய அண்ணன் ஏதெல்ஸ்டன், கென்ட் கரையிலுள்ள சாண்ட்விச் அருகே வைக்கிங்குகளோடு கப்பலில் நின்று சண்டை போட்டு ஒன்பது கப்பல்களைப் பிடித்துவிட்டார். ஆல்ஃபிரெட் அப்போது சின்னக் குழந்தை.

கே: ஆனால் 896-இல் புதுவிதக் கப்பல்கள் கட்டினாரே?

ப: கட்டினார். எதிரியின் கப்பலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். சிலவற்றில் 60 துடுப்பு, சிலவற்றில் அதற்கும் மேல். அக்காலத்து நிகழ்ச்சிகளை ஆண்டு வாரியாகச் சொல்லும் ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு இவற்றைப் புகழ்ந்துவிட்டு, அடுத்த வரியிலேயே முதல் சண்டையின் கதையையும் சொல்லிவிடுகிறது. ஒன்பது புதுக் கப்பல்கள் ஒரு கழிமுகத்தில் ஆறு டேனிய (வைக்கிங்) கப்பல்களை மடக்கின. வெளியே வந்த மூன்றில் இரண்டு பிடிபட்டன. அதற்குள் கடல் வற்ற, ஆங்கிலேயக் கப்பல்கள் தரைதட்டின. அதிலும் மூன்று மட்டும் டேனியர் இருந்த கரைப்பக்கம், மற்றவை எதிர்ப்பக்கம். டேனியர்கள் நடந்தே வந்து அந்த மூன்றையும் தாக்கினார்கள். ஆங்கிலேயர் தரப்பில் 62 பேர், டேனியர்களில் 120 பேர் செத்தார்கள். ஓதம் ஏறியபோது டேனியக் கப்பல்கள்தான் முதலில் மிதந்தன; துடுப்புப் போட்டுப் போயே போய்விட்டார்கள்! அவற்றில் இரண்டு சசெக்ஸ் கரையில் ஒதுங்க, அதிலிருந்தவர்களை வின்செஸ்டருக்கு இழுத்துவந்து தூக்கிலிட்டார் மன்னர். என்னைக் கேட்டால், பெரிய கப்பல் என்ற பெருமைக்குக் கொடுத்த விலை அது.

கே: அந்த 62 பேரும் ஆங்கிலேயர்களா சார்?

ப: இல்லை, ஃப்ரீசியர்களும் உண்டு. இன்றைய நெதர்லாந்து, வட ஜெர்மனிக் கரைக்காரர்கள். கடல் வணிகத்தில் ஊறியவர்கள். கப்பல் மன்னருடையது, கைப்பழக்கம் பாதி வெளியூருடையது.

கே: இங்கிலாந்தில் சட்டன் ஹூ மேட்டில் புதைத்திருந்த ஏழாம் நூற்றாண்டுக் கப்பலில் பாய்மரம் உண்டா?

ப: 1939-இல் தோண்டியபோது மரம் மக்கிப்போய் மணலில் அச்சும் வரிசை வரிசையாக இரும்பு ஆணிகளும்தான் மிஞ்சியிருந்தன. நீளம் சுமார் 27 மீட்டர். பாய்மரத்துக்குத் தடயமில்லை. அதனால் அந்தக் காலத்தில் பாயே கிடையாது என்று முடிவுகட்ட வேண்டாம். அது ஓயாத வாதம்.

கே: இத்தனை கப்பலுக்குக் காசு யார் கொடுத்தது?

ப: நிலம். ‘ஹைட்’ என்பது வரிபோட வைத்திருந்த நில அளவு. 1008-இல் ஏதெல்ரெட் மன்னர் 310 ஹைட்டுக்கு ஒரு போர்க்கப்பல், எட்டு ஹைட்டுக்கு ஒரு தலைக்கவசமும் இரும்புச் சட்டையும் என்று விதித்தார். அடுத்த வருஷமே கப்பல்கள் சாண்ட்விச்சில் குவிந்தன. அங்கேயே உட்பூசல்! குற்றம் சாட்டப்பட்ட சசெக்ஸ் பிரபு வுல்ஃப்நோத் 20 கப்பலோடு கம்பி நீட்டினார். 80 கப்பலோடு, குற்றம் சாட்டிய பிரித்ரிக் துரத்த, புயல் அவற்றைக் கரையில் மோதி உடைத்தது. மிச்சத்தை வுல்ஃப்நோத் கொளுத்தினார். ஊர் ஊராக வசூலித்துக் கட்டிய படை எதிரியைப் பார்க்காமலே போனது.

கே: அப்படியானால் 1066-இல் இங்கிலாந்தைப் பிடிக்க வந்த நார்மண்டிப் பிரபு வில்லியமைக் கடலிலேயே ஏன் தடுக்கவில்லை?

ப: தடுக்கத்தான் இங்கிலாந்து மன்னர் ஹரால்டு கோடை முழுக்கத் தென்கரையை ஒட்டிய ஒயிட் தீவில் காத்திருந்தார். செப்டம்பர் 8-இல் சாப்பாடு தீர்ந்தது. ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. லண்டனுக்குத் திரும்பிய கப்பல்களில் பல வழியிலேயே அழிந்தன. செப்டம்பர் 28-இல் வில்லியம் தென்கரையிலுள்ள பெவன்சியில் இறங்கியபோது ஹரால்டு வடக்கே, யார்க் பக்கம் இருந்தார்.