தோற்றால் என்ன லாபம்?

அன்புள்ள ஐயா,

பல வருடங்களாக சிகாகோவில் இருக்கிறோம். என் மகன் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் தீவிர ரசிகன். 2024 செப்டம்பர் 24 அன்று அவனோடு மைதானத்துக்குப் போயிருந்தேன். அன்று தோற்றால் 121வது தோல்வி. நவீன பேஸ்பாலில் ஒரே சீசனில் அதுவரை எந்த அணியும் அத்தனை ஆட்டங்களில் தோற்றதில்லை. ஆனால் எட்டாவது இன்னிங்ஸில் அணி எழுந்து, 3-2 என்று ஜெயித்துவிட்டது. எனக்குச் சந்தோஷம். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "இப்ப ஜெயிச்சு என்னப்பா பிரயோஜனம்? தோத்தாதான் டிராஃப்ட்ல, புதுப் பசங்களை எடுக்கிற வரிசையில, நல்ல இடம் கிடைக்கும்" என்றான். அவன் நண்பர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். தன் அணி தோற்க வேண்டும் என்று ஒரு பையன் ஆசைப்படுவது எனக்கு என்னவோபோல் இருக்கிறது. ஆனால் அவன் கணக்கில் தப்பு எங்கே என்றும் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., சிகாகோ

*

அன்புள்ள க.,

உங்கள் மகன் சொல்வதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1965இல் டிராஃப்ட் முறை வந்தபோதே, கடைசியில் இருக்கும் அணிக்கு நல்ல இளைஞர்களை முதலில் எடுக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பலவீனமான அணி நிமிர்ந்து நிற்க அது ஒரு கைத்தாங்கல். ஆனால் அதற்காகவே தோற்கலாம் என்று ஒரு ரசிகன் நினைக்க ஆரம்பித்தால், அவன் கணக்கு தப்பு என்றுதான் சொல்வேன். பேஸ்பாலில் அது பெரிய தப்பு.

பேஸ்கெட்பாலில் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். லெப்ரான் ஜேம்ஸை 2003இல் முதல் ஆளாக எடுத்தார்கள். அந்த வருடமே களத்தில் இறங்கி ஆடினார். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவரே அணியைத் தூக்கி நிறுத்த முடியும். பேஸ்பாலில் டிராஃப்டில் எடுத்த பையன் பெரும்பாலும் மைனர் லீக் என்ற கீழ்நிலைப் போட்டிகளில் சில வருடங்கள் பஸ்ஸிலேயே ஊர் ஊராக அலைய வேண்டும். மேலே வருவானா என்பதே நிச்சயமில்லை. வந்தாலும், எவ்வளவு பெரிய பேட்டராக இருந்தாலும் ஒன்பது பேரில் ஒருவன்தான். ஸ்டார்ட்டிங் பிட்சர் என்றால் ஐந்து நாளுக்கு ஒரு முறை பந்து வீசுவான்.

அன்று நீங்கள் பார்த்த எதிரணியையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏஞ்சல்ஸ். இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் சொல்லும் மைக் ட்ரவுட் அவர்களுடையவர். 2009 டிராஃப்டில் அவருக்கு முன்னால் 24 பேரை எடுத்திருந்தார்கள். அத்தனை முறையும் கண்ணெதிரே இருந்தவரை விட்டுவிட்டார்கள். சரி, ஏஞ்சல்ஸுக்காவது அதிர்ஷ்டம் என்று பார்த்தால், வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதை மூன்று முறை வாங்கிய அவரை வைத்துக்கொண்டு 2014இல் ஒரே ஒரு முறைதான் பிளேஆஃப் என்ற கோப்பைச் சுற்றுக்குப் போனார்கள். அங்கேயும் மூன்று ஆட்டத்திலும் தோல்வி. பொக்கிஷமே கையில் கிடைத்தாலும் அணி என்ற ஒன்று இல்லாவிட்டால் இதுதான் கதி.

உங்கள் மகனுக்கு 2003ஆம் வருடத்து டெட்ராய்ட் டைகர்ஸ் கதையைச் சொல்லுங்கள். சீசன் முடிய ஆறு ஆட்டங்கள் இருந்தபோது அவர்கள் 118 தோல்வியில் நின்றார்கள். 1962 மெட்ஸ் அணியின் 120 தோல்வி என்ற கரும்புள்ளிக்கு இரண்டுதான் பாக்கி. மைக் மரோத் என்ற அவர்களுடைய பிட்சர் அந்த வருடம் 21 ஆட்டங்களில் தோற்றார். 1980க்குப் பிறகு யாரும் இருபதைத் தொட்டதில்லை. அந்த நிலையில் இருந்த அணி, மிச்சமிருந்த ஆறில் ஐந்தை ஜெயித்தது.

கடைசிக்கு முந்தின நாள் ஆட்டத்தைத்தான் நான் மறக்கவே மாட்டேன். எதிரணி மினசோட்டா ட்வின்ஸ். தங்கள் டிவிஷனில், அதாவது பிரிவில், ஏற்கெனவே முதலிடத்தை ஜெயித்துவிட்டவர்கள். டைகர்ஸ் 8-0 என்று பின்தங்கிக் கிடந்தார்கள். ஏற்கெனவே 119 முறை தோற்றவர்கள் அங்கே கையை விரித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் ஒவ்வொரு ரன்னாகப் பொறுக்கிச் சேர்த்து சமன் செய்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் ட்வின்ஸுக்காகப் பந்து வீச வந்தவர் ஜெஸ்ஸி ஒரோஸ்கோ, வயது 46. 1986இல் மெட்ஸ் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரை வென்றபோது கடைசி அவுட்டை எடுத்த அதே மனிதர். அவருடைய பந்து ஒன்று கேட்சரிடமிருந்து நழுவிப் போக, மூன்றாவது பேஸில் நின்றவர் ஓடி வந்து ஒன்பதாவது ரன்னை எடுத்தார். 9-8. மறுநாளும் ஜெயித்து 119 தோல்வியோடு சீசனை முடித்தார்கள்.

அந்த ஐந்து வெற்றிகளால் டைகர்ஸுக்கு ஏதாவது நஷ்டமா? ஒன்றுமே இல்லை. அப்போது டிராஃப்டில் முதல் இடம் அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீகுகளுக்கும் வருடம் மாறி வருடம் போய்க்கொண்டிருந்தது. 2004இல் அது நேஷனல் லீக்கின் முறை. அமெரிக்கன் லீக்கில் இருந்த டைகர்ஸுக்கு, ஆறு ஆட்டங்களையும் தோற்றிருந்தாலும் இரண்டாவது இடம்தான். முதல் இடத்தில் இருந்த சான் டியாகோ அணி தன் ஊர்ப் பையன் மேட் புஷ்ஷை எடுத்தது. அந்த அணிக்காக மேஜர் லீக் என்ற உயர்மட்டப் போட்டியில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இரண்டாவதாக டைகர்ஸ் எடுத்தது ஜஸ்டின் வெர்லாண்டரை. இந்தக் காலத்தின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர். 2006இல் டைகர்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போனார்கள்.

வெர்லாண்டர் கிடைத்ததே தோற்றதால்தானே என்று மகன் கேட்பான். உண்மைதான். ஆனால் டைகர்ஸைவிட நல்ல இடம் வைத்திருந்தவர்களுக்கு அவர் கிடைக்கவில்லையே! இடம் வேறு, ஆளைக் கண்டுபிடிக்கிற கண் வேறு. கண் இல்லாத அணிக்கு எத்தனை வருடம் நல்ல இடம் கொடுத்தாலும் வீண். பிட்ஸ்பர்க் அணி 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன் தோல்விக் கணக்கிலேயே இருந்தது.

அடுத்து ஹூஸ்டன் அணியைச் சொல்வான். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். 2011 முதல் மூன்று வருடத்தில் 324 தோல்வி, 2017இல் வேர்ல்ட் சீரிஸ். தோற்றுத் தோற்றே ஜெயித்தார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 2012இல் முதலாவதாக எடுத்த கார்லோஸ் கொரேயா பிரமாதமாக வந்தார், மறுக்கவில்லை. அவர் சம்மதித்த தொகை குறைவு, மிஞ்சிய பணத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸையும் பிடித்துப்போட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். 2013இல் முதலாவதாக எடுத்தது மார்க் ஆப்பெலை. அவர் மேஜர் லீக்கைத் தொட்டது 2022இல், அதுவும் வேறு அணியில். அவருக்கு அடுத்ததாகப் போனவர் கிரிஸ் பிரையன்ட். உங்கள் ஊர் கப்ஸ் அணி 2016இல் கோப்பையை வென்றதில் அவர் பங்கு என்ன என்று உங்கள் மகனுக்கே தெரியும். 2014இல் முதலாவதாக எடுத்த பையனோடு ஒப்பந்தமே ஆகவில்லை. மறு வருடம் அதற்கு ஈடாகக் கிடைத்த இடத்தில்தான் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார்.

அப்புறம், அந்த அணியின் உயிர் யார்? ஹோசே அல்டுவே. வெனிசுவேலாவிலிருந்து 2007இல் 15,000 டாலருக்கு வந்தவர். அவர் டிராஃப்டிலேயே இல்லை. 2017 ஆகஸ்ட் கடைசி நாளில் டெட்ராய்டிலிருந்து பேரம் பேசி வாங்கிய வெர்லாண்டர் இல்லாமல் அந்தக் கோப்பை வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்த சீசனில் எதிரணியின் கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைத் திருடியதும் பின்னால் வெளியே வந்தது. இத்தனையையும் மறைத்துவிட்டு 324 தோல்வியை மட்டும் மருந்தாகக் காட்டுவது நியாயமில்லை. அந்தத் தோல்விகளுக்கு நடுவே, 2013 செப்டம்பரில், ஹூஸ்டனின் ஒரு ஆட்டத்துக்கு டிவி ரேட்டிங் 0.0 என்று வந்தது. அந்த சேனல் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் நாட்டின் மிகப் பெரிய ஊர்களில் ஒன்றில் அப்படி ஒரு நிலைமை வந்ததே!

களத்தில் நிற்பவர்களையும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் ஆடும் 26 வயதுப் பையனுக்கு அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே அந்த நாலு வாரத்தில்தான் முடிவாகும். நாளைக்கு வந்து தன் இடத்தைப் பிடிக்கப்போகிற ஒரு கல்லூரி மாணவனுக்காக அவன் இன்று ஏன் தோற்க வேண்டும்? அவன் உயிரைக் கொடுத்து ஓடும்போது, அவன் சட்டையையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் விழக் காத்திருந்தால் அது அவனுக்குச் செய்கிற துரோகம். இதை நான் ரொம்பவே மனசோடு சொல்கிறேன்.

உங்கள் சாக்ஸ் விஷயத்துக்கே வருகிறேன். இப்போது முதல் ஆறு இடங்களுக்கு லாட்டரி. 2023 டிராஃப்டிலிருந்து இதுதான் முறை. கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு சமம், ஆளுக்கு 16.5 சதவீதம். போதாததற்கு, பெரிய ஊரின் பணக்கார அணிகள் அடுத்தடுத்த இரண்டு வருடம் லாட்டரியில் இடம் பெற முடியாது. 2024இல் சாக்ஸுக்கு ஐந்தாவது இடம் கிடைத்திருந்தது. அதனால் 2025இல் கிடைத்தது பத்தாவது இடம். 121 தோற்றாலும் அதுதான், 101 தோற்றிருந்தாலும் அதுதான். அன்று ராத்திரி உங்கள் மகன் ஆசைப்பட்ட தோல்விக்கு ஒரு பைசா மதிப்பில்லை.

அந்த வருடம் அணிக்கு உண்மையில் எதிர்காலத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவர் கேரட் க்ரோஷே. தோற்றுக்கொண்டே இருந்த அணியில் நின்று 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். டிசம்பரில் அவரை பாஸ்டனுக்குக் கொடுத்து நாலு இளைஞர்களை வாங்கினார்கள். அதில் ஒருவர் கேட்சர் கைல் டீல், 2023 டிராஃப்டில் 14வதாகப் போனவர். நன்றாக ஆடியதற்குக் கிடைத்த விலை அது. அடுத்த முறை ஸ்கோர்போர்டைப் பார்த்து மகன் தோல்விகளை எண்ண ஆரம்பித்தால், டீல் பேட் செய்யும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.